முடிவில்லாமல் ஒட்டிய கதை

இன்று பக்கத்து வீட்டில் மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனை என்னை ஐம்பதுகளின் ஊத்தங்கரைக்கு, என் ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோனது. மாதமொருமுறை பள்ளிச் சுவரில் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையை ஒட்டுவோம். காணாமல்போன எங்கள் எருமையைப் பற்றிய கதையை நான் எழுதி எழுதிக் கிழித்தேன். ஒட்டும் நாளில், அடித்தல் திருத்தலோடு இருந்த தாளைத் தோழி சரோஜா என்னிடமிருந்து பிடுங்கி ஒட்டிவிட்டாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணுன?" என்று அழுதேன்.

"நீ திருத்தி முடிக்கறதுக்குள்ள பரீட்சையே வந்துரும்" என்றாள்.

மறுநாள் சுவர் முன்னால் ஒரே கூட்டம். அடித்தல்களை யாரும் கவனிக்கவே இல்லை. வீட்டில் கன்னடம் பேசும் என் வகுப்புத் தோழி நாகரத்னா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் எருமை கெடைச்சுதா, இல்லியா?" என்றாள்.

முதல் பத்தியையே திருத்திக்கொண்டிருந்ததில் முடிவை எழுதவே இல்லை! அன்று சாயங்காலம் ஒரே மூச்சில் எழுதி, நானே கொண்டுபோய் ஒட்டினேன். அதிலும் இரண்டு பிழைகள் இருந்தன.