அக்காவின் கணக்கு குரூப்பும் அம்மாவின் நேர்ச்சையும்

அக்கா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய சந்தோஷம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மறுநாளே பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்ற பேச்சு வந்தது. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. அக்கா நர்ஸாகத்தான் போகிறாள் என்பது எனக்கே தெரியும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்களாம். அம்மா வராந்தாவிலேயே முழங்கால் போட்டு, பிள்ளை பிழைத்தால் அவளை நர்ஸாக்கி நோயாளிகளுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த அக்காவும் சின்ன வயதில் என் பொம்மைக்கு ஊசி போட்டவள்தான்.

எல்லாம் மாமாவால் மாறியது. அம்மாவின் தம்பியான அவர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ஆபரேட்டர். குடும்பத்தாரை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டும் ஒரு நாளில் எங்களைக் கம்பெனி பஸ்ஸில் கூட்டிப் போனார். எனக்கு அங்கே கொடுத்த கேக்தான் நினைவிருக்கிறது. அக்காவோ, ஆளே இல்லாமல் வளைந்து நெளிந்து வெல்டிங் வைத்த ஒரு இரும்புக் கையின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

"இதுக்கு யாரு மாமா சொல்லிக் குடுக்கறாங்க?"

"இன்ஜினியருங்கதான்" என்று மாமா சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்ஜினியரிங் போக வேண்டுமென்றால் கணக்கு குரூப். நர்ஸுக்குப் போக பயாலஜி. திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூர் ஸ்கூலில் அட்மிஷன். அதற்கு முந்தின சனிக்கிழமை மாமா ஓ.டி. முடித்த கையோடு சமாதானம் பேச வந்தார்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? கணக்கு, பயாலஜி ரெண்டும் சேந்த குரூப்பு கீது. அத்த எடுக்கட்டும். அப்பால எது கெடைக்குதோ அதுக்குப் போவட்டும். ஆண்டவருக்கும் கோவம் வராது."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடா, ஆண்டவர் கிட்டயே ஸ்டெப்னி வெச்சிக்கச் சொல்றியா?"

மாமா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அக்காதான் மெல்லச் சொன்னாள்: "வேணாம் மாமா. மனசுல ஒண்ண வெச்சிகினு கையில ஒண்ண எடுத்தா பொய் சொன்ன மாரிதான். அம்மா, நீ குடுத்த வார்த்தைய மீற வேணாம். நா நர்ஸுக்கே படிக்கறேன்."

சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்த்துக் கவிழ்த்ததையே மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், அம்மாவைத் தவிர. அப்பாவும் அக்காவும் நானும் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். எனக்குப் பசி. பூசை வைத்த சாமியாரே போய்விட்டார். கடைசியில் அம்மா முக்காட்டை விலக்கிக்கொண்டு வந்து, நேராக அக்காவிடம் போனாள்.

"வார்த்த குடுத்தது நானு. உன்னக் கேட்டா குடுத்தேன்? நீ கணக்கே எடு."

"அப்ப நேர்ச்சை?" என்று அப்பா கேட்டார்.

"அத்த நா பாத்துக்கறேன்."

அக்கா அந்த வாசலிலேயே அழுதுவிட்டாள். நான் இட்லி கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றிலிருந்து அம்மா, பூசை முடிந்ததும் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகத் தொடங்கினாள். வாரம் முழுக்கக் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அங்கே போய் முதியவர்களுக்குத் தலை வாரிவிடுவாள், நகம் வெட்டுவாள். போகப் போக, கன்னியாஸ்திரீகளிடம் கற்றுக்கொண்டு புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டவும் செய்தாள். வீட்டில் விட்டால் நான் டிவியை விட்டு நகரமாட்டேன் என்று என்னையும் இழுத்துப் போவாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் படம் போயிற்று. அங்கே காலில் சர்க்கரைப் புண்ணோடு இருந்த ஒரு தாத்தாவுக்கு அதில் தனி குஷி. "வந்துட்டாங்கப்பா சின்ன டாக்டரம்மா! இன்னா, மூஞ்சி உம்முனு கீது? இன்னிக்கி இன்னா படம் போச்சு?" என்பார்.

அக்கா பாஸாவதற்காகத்தான் அம்மா அங்கே போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அக்கா பாஸானாள். இன்ஜினியரிங் சேர்ந்தாள். இன்று அதே ஒரகடத்தில் அந்த மாதிரி இரும்புக் கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன்; என் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவதும் அவள்தான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஒரு வீட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்று அக்கா காலேஜ் சேர்ந்த வாரம், இனி எனக்கு விடுதலை என்றிருந்தேன். ஞாயிறு வந்தது. அம்மா வழக்கம்போலப் பையை எடுத்தாள்.

"அதான் அக்கா காலேஜ் சேந்துட்டாளே. இன்னும் எதுக்கும்மா போவணும்?"

"அந்தத் தாத்தாவுக்குக் கால் புண்ணு இன்னும் ஆறலியேடி" என்றாள் அம்மா.

அப்படியானால் புண் ஆறிவிட்டால் போக வேண்டாம் என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்கால ஜெபத்தில், என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லும்போது, அந்தத் தாத்தாவின் கால் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று சத்தமாக வேண்டிக்கொண்டேன். அம்மா ஜெபத்தை அப்படியே நிறுத்திவிட்டு என்னை இழுத்து அணைத்து, நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. நான் படம் பார்க்கத்தானே கேட்டேன், இதற்குப் போய் அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.