புளி படாத தூண்டில் சாமான்

பழைய தூண்டில் சாமான் தேடிப் போகிற ஆளுக்கு முதலில் அடுத்தவர் குசினிக்குள், அடுப்படி வரைக்கும், நுழையத் தெரிய வேண்டும். கடலில் வேலை முடிந்த சாமானை எங்கள் பக்கத்தில் எறிய மாட்டார்கள்; அது குசினியில் வேறு வேலைக்குச் சேர்ந்துவிடும். ஆம்பிளை போய்க் கேட்டால் விறாந்தையோடு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு நின்ற, பக்கத்து வீட்டாரோடும் கதைக்க வெட்கப்படுகிற நான் இந்த வேலைக்கு வந்தேன்.

சூறாவளி அடித்த மறு வருஷம் அது. கூரை போன வீடுகளில் பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் சாய்ந்தமருதிலிருந்து பொத்துவிலுக்குக் கருவாடு ஏற்றுகிற லொறியில் வேலை. அங்கே வெள்ளைக்காரருக்குப் பழஞ்சாமான் விற்கிற ஒரு முதலாளி, பழைய தூண்டில் சாமான் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டார். அதிலும் துரைமார் காலத்தில் தூண்டில் நூல் சுற்றிய பித்தளைச் சக்கரம் ஒன்று கட்டாயம் வேண்டுமாம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். நீங்களும் அடுத்த வீட்டுச் சாமானில் கண் வைத்து அலைந்தவர்கள் என்றால் என் பாடு விளங்கும்.

கல்லுக்குப் போன வீடு

முதல் வீட்டில் அச்சாறு ஊறுகிற மண் முட்டியின் மேல் ஒரு கல் இருந்தது. நடுவில் ஓட்டை, முந்தின காலத்தில் வலையைத் தாழ்க்கக் கட்டிய கல். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கார ராத்தா பாய் விரித்து, தேத்தண்ணீர் தந்து, "உனக்குத் தங்கச்சி இரிக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வயது கேட்டாள். பதினெட்டு என்றேன். இன்னொரு தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் வந்தன. கடைசியில் கல்லை விரலால் காட்டினேன். அவள் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்லுக்கா புள்ள வந்தாய்? என்ட மகன மாப்பிள்ளை கேக்க வந்திரிக்காய் எண்டு அவனக் குளிச்சிட்டு வரச் செல்லி அனுப்பிப்போட்டனே!"

மினுங்கின பெட்டி

இன்னொரு வீட்டில் கறுத்துப்போன ஒரு பித்தளைப் பெட்டி, உள்ளே தூண்டில் முள் வைக்கச் சின்னச் சின்ன அறைகள். அவர்கள் அதில் பொத்தான் போட்டு வைத்திருந்தார்கள். "நாளைக்கு வா" என்றார்கள். மறுநாள் போனால் பெட்டி பொன் போல மினுங்குகிறது! எங்கள் ஊரில் ஊத்தையோடு ஒரு சாமானை யாரும் அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம். வீட்டில் இன்னொரு தரம் நானும் துலக்கி, வீட்டுக்காரரோடு பொத்துவிலுக்குக் கொண்டுபோனேன்.

முதலாளி பெட்டியைத் திறக்கவேயில்லை. அந்தக் கறுப்புத்தான் அதன் வயதாம், அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் வாங்குகிறானாம். நான் சீலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் என்னைக் காட்டி என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"நூறு வருஷத்த ஒரு உருண்டைப் புளியால கழுவிப்போட்டாங்க தம்பி, இனி ஒரு சாமான் மினுங்கிக்கிட்டு வந்தா தங்கச்சிய வீட்டுல இரிக்கச் செல்லுங்க!"

ஆடுகிற தூண்டில்

வீட்டில் இருக்க எனக்கு மனமில்லை. எந்தச் சாமான் எந்த வீட்டில் என்ன வேலை பார்க்கிறது என்று பார்க்கும் ஆசை பிடித்துவிட்டது. வாசல் தாண்ட எனக்குக் கிடைத்த வேலையும் இது ஒன்றுதான். இதுவும் போனால்?

ஒரு வீட்டில் கையகலச் சுறாத் தூண்டிலைக் கூரை வளையில் கட்டி, அதில் பிள்ளைத் தொட்டில் போட்டிருந்தார்கள். துரு அப்படியே இருந்தது, புளி படாத சாமான்! பிள்ளை நடக்கட்டும், தருகிறேன் என்றாள் தாய். ஒரு வருஷம் பொறுத்துப் போனேன். பிள்ளை ஓடி வந்து என் சீலையைப் பிடித்தது. தொட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே புதிதாக ஒன்று.

"இதுவும் நடந்தாப் பொறகு வந்து பாரு புள்ள, ஆனா வாடைக் காலத்துல என்ட மனிசன் கடலுக்குப் போறல்ல, வீட்டுலதான், அதையும் யோசிச்சிக்க."

மருதமுனைச் சக்கரம்

மருதமுனையில் ஒரு நெசவுக்காரி தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்தது முதலாளி கேட்ட அந்தச் சக்கரம்! தார் போலக் கறுப்பு. வாங்கி ஒரு தரம் சுற்றினேன். கிர்ர்ர் என்றது. மகள் சிரித்தாள். கடலில் பெரிய மீன் இழுத்தபோதும் இப்படித்தான் கத்தியிருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன்.

"தாறன், நாளைக்கு வா. துலக்கி வெக்கிறன்" என்றாள்.

"வேணா!" என்று கத்திவிட்டேன். பிறத்தியார் வீட்டில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். இப்பவே, இப்படியே தாங்க என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே பழஞ்சாரத் துண்டில் சுற்றித் தந்தாள்.

"கொண்டு போ, ஆனா இந்த ஊத்தைய எங்கட வீட்டுல எடுத்ததெண்டு ஒருத்தர்ட்டயும் செல்லிப்போடாத!"

தொழுது முடிக்க முந்தி

வீட்டுக்கு வரவும் மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. பொதியைக் குசினி மூலையில் வைத்துவிட்டுத் தொழப் போனேன். தொழுதுவிட்டு வந்தால் கிணற்றடியில் எங்களோடு இருக்கிற என் உம்மா. கையெல்லாம் புளி. வெயிலில் சக்கரம் கண்ணைக் கூச வைத்தது. "பாரு, எப்பிடி மினுங்குதெண்டு" என்று உம்மாவுக்கு முகம் நிறையச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. அதை அப்படியே லொறியில் கொடுத்தனுப்பிவிட்டு, இனி வீடுதான் என்று உட்கார்ந்தேன்.

மறுநாள் லொறியோடு சக்கரமும் திரும்பி வந்தது. மகளுக்கு மட்டும் சந்தோஷம். முதலாளி முதலில் சத்தம் போட்டாராம்; பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கடையில் வெள்ளைக்காரரும் வாங்காமல் கறுத்துக் கிடந்த பித்தளை விளக்கு, படிக்கம், தாம்பாளம் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார்; இப்படி மினுங்கினால் ஊர்ச்சனம் வாங்குமாம். அவர் சொன்னதை வீட்டுக்காரர் அப்படியே சொன்னார்.

"தங்கச்சி வீட்டுலயே இரிக்கட்டும், இதத் துலக்கின ஆளத்தான் எனக்கு வேலைக்கு வேணும்!"

பழைய தூண்டில் சாமான் தேடுகிறவர்களே, பிறத்தியார் குசினிக்குள் நுழையத் தெரிந்தால் மட்டும் காணாது, சொந்தக் குசினியில் புளி முட்டியை ஒளித்து வைக்கவும் தெரிய வேண்டும்.