தட்டினால் திரும்பும்

பதுளையில் என் மகன் வீட்டுக் கூடத்தில் இப்போது ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கிறது. எங்கள் நாய் இல்லை. யாருடைய நாயும் இல்லை என்பதுதான் அதன் தகுதி. தெருவில் கைவிடப்பட்ட நாய்களை என் மருமகள் தூக்கிவந்து, சொறியை ஆற்றி, சோறு போட்டுத் தேற்றி, ஃபோனில் படம் போடுவாள். யாராவது நல்ல மனிதர் வந்து கேட்டால் கண்ணீரோடு கொடுத்தனுப்புவாள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வருகிற எல்லாவற்றுக்கும் நான் பேப்பர் படிக்கும் நாற்காலியடிதான் கக்கூஸ். முணுமுணுத்தால், "மாமா, ஒங்களுக்கு நாய்னாலே ஆகாது" என்பாள்.

ஆகாதுதான். காரணமான நாயைப் பற்றி அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நாங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயதிருக்கலாம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாடிய கொழுந்தை அரைக்கும் ரோலர் அறை அவருடையது. அங்கே ஓடும் இயந்திரங்களின் இரைச்சலில் எல்லோரும் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். ஆனாலும் மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை, மலையேற வேண்டாம். எங்கள் லயத்தில் ஸ்டோர் வேலை இருந்தது அப்பாவுக்கு மட்டும்தான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அம்மா 'ணங்'கென்று குடத்தை வைக்கும் விதத்திலேயே அது தெரியும்.

ஸ்டோருக்குப் பின்னால், எஞ்சின் அறைச் சுவரோரம், ஒரு நாய் வருடக்கணக்காகச் சங்கிலியில் கிடந்தது. காவல்காரர் வளர்த்தது. அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அம்மிக்கல் முதல் கோழிக்கூடு வரை ஒவ்வொன்றையும் ஒவ்வொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாயைக் கேட்பாரில்லை. கட்டியது கட்டியபடி நின்றது. ஒருநாள் தோட்டத்து மேலாளரான துரை அந்தப் பக்கமாக வந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு, சுட்டுவிடச் சொல்லிவிட்டார்.

அப்பா எதற்குமே யாரிடமும் போய் நிற்காதவர். அவர் டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றார். ஸ்டோர் முழுவதும் அந்த ஐயாவின் பொறுப்பில்தான் இருந்தது. அவர் துரையிடம் பேசி, தீபாவளி வரை தவணை வாங்கிக் கொடுத்தார். லயத்தில் நாய் வளர்க்கத் தோட்டம் விடாது. ஆகவே தேற்றி, தீபாவளிக்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கிதான்.

அப்பா அதைக் கொழுந்துச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்த அன்று அம்மா போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்தது.

"ஏங்க, இருக்கிற ரொட்டி புள்ளைகளுக்கே பத்தல. இதென்ன, எனக்கு இன்னொரு மாமியாரா?"

அப்பா பதில் சொல்லாமல் நாயை வாசலில் இறக்கினார். அது நடந்தது. சங்கிலி இல்லாதபோதும் சங்கிலி இருப்பது போலவே ஒரே வட்டமாக நடந்தது. அடுத்த வீட்டு அத்தை, "பொங்கலுக்குச் செக்கு ஆட்டப் போறீங்களா?" என்று கேட்டாள்.

நாயின் பெயர் டைகர். உடம்பில் பாதிக்கு முடி இல்லை. கழுத்துப் பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. அப்பா அதைச் சவர பிளேடால் அறுத்தெடுத்தார். கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தினமும் பூச வேண்டும், உண்ணி பொறுக்க வேண்டும், ரொட்டியைப் பாலில்லாத சாயத் தேநீரில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். பல் போய்விட்டிருந்தது. அப்பா பகலெல்லாம் ஸ்டோரில். ஆகவே எல்லாம் என் தலையில். விளையாடப் போக முடியவில்லை. போனாலும் கந்தக நாற்றத்துக்குப் பையன்கள் என்னைச் சேர்க்கவில்லை.

அந்த நாயைப் போல் என் பொறுமையைச் சோதித்தவர் அதன்பின் யாருமில்லை. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். வாசற்படியின் குறுக்கேதான் படுக்கும். எழும்பு என்றால் எழும்பாது. வா என்றால் வராது. தொண்டை கிழியக் கத்தினாலும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். பல்லில்லாத வாயால் கெண்டைக்காலைக் கவ்வுவது வலியைவிட அவமானம். விறகுக்கு வைத்திருந்த தேயிலை மிலாற்றுக் குச்சியால் அதை நான் அடித்திருக்கிறேன். ஒருமுறை அல்ல. அடித்தபோது அது கத்தவில்லை. ஏன் என்று கேட்பது போல என் வாயையே பார்த்தது. அந்தப் பார்வைக்காக இன்னும் ஒன்று போட்டேன்.

அப்பா வந்தால் மட்டும் அது வேறு நாய். அவர் வாசலுக்கு வந்து காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். நாய் எழுந்து வாலாட்டும். அவர் முன்னால் போய்க் கையைக் காட்டுவார், வரும். கையைத் தாழ்த்துவார், உட்காரும். அப்பாவிடம் ஏதோ மந்திரம் இருக்கிறது, எனக்குச் சொல்லித்தர மறுக்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

அம்மாவுக்கு இருவர் மீதும் எரிச்சல். அடுப்படியிலிருந்து அவள் அப்பாவைக் கூப்பிடுவது அடுத்த லயத்துக்கே கேட்கும். அப்பா அசையமாட்டார். "மனச ஸ்டோர்லயே கழட்டி வச்சிட்டு வந்திருக்காரு பாருங்க" என்று வாசலில் நிற்பவர்களிடம் சொல்வாள். எங்களிடம் சொல்லும்போது, "கூப்புட்டா திரும்ப மாட்டாரு, சொன்னா கேக்க மாட்டாரு. ஆளுக்கேத்த நாய்!" என்பாள். அவள் வாயாடி என்று தோட்டத்தில் பெயர். எனக்கு வெட்கமாக இருக்கும்.

முடி முளைத்தது. விலாவெலும்பு மறைந்தது. வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஒருநாள் அது நேராகப் பீலி வரை நடந்து போய்த் தண்ணீர் குடித்தது. ஆனால் கேட்க யாரும் வரவில்லை. தெமோதரையிலிருந்து ஒரு பால்காரர் மட்டும் வந்தார். "டைகர், டைகர்" என்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். நாய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தம்பி, இது நாயா, மாவு மூட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கும் அடி கொடுத்தேன்.

தீபாவளி வந்தது. விடிந்ததும் லயத்து வாசலெல்லாம் வெடி. கோழிகள் கூரையில் ஏறின. எங்கள் டைகர் வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்து, அதன் வாலுக்கு அருகிலேயே ஒரு சீன வெடியைக் கொளுத்தினேன். வெடித்தது. நாய் அசையவில்லை. புகை மூக்கில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்து தும்மியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எஞ்சின் அறைச் சுவரோரம் வருடக்கணக்காகக் கிடந்த நாய். அதற்குக் காது போயிருந்தது.

இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது கோபம். இத்தனை நாள் கத்திய கத்தெல்லாம் வீணா என்ற கோபம். அடுத்த நிமிடம் ஒரு யோசனை வந்தது. டீமேக்கர் ஐயா வீட்டு நாய் போன தீபாவளிக்கு வெடிக்குப் பயந்து ஓடி, திரும்பி வரவேயில்லை. ஐயாவின் மனைவி, அந்த அம்மா, பல நாள் அழுதார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெடிக்கு ஓடாத நாய் இந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்று எங்களிடம்தான் இருக்கிறது!

ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டுக்கு நாங்கள் பலகாரத் தட்டு கொண்டுபோவது வழக்கம். நாயையும் கொண்டுபோகலாம் என்று அப்பாவின் முன்னால் குதித்தேன். அப்பா என் வாயையே பார்த்தபடி கேட்டுக்கொண்டார். காது கேட்காது என்று நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சரி, வா. ஐயா வீட்டுல நீ வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

ஐயா வீட்டு வராந்தா பலகைத் தரை. ஐயா ஒரு நாற்காலியிலும் அந்த அம்மா ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டைக் கொடுத்ததும் அந்த அம்மா நாயைப் பார்த்தார்.

"அட, தேறிருச்சே! வெடிக்கு ஓடுமாப்பா?"

"ஓடாதுங்கம்மா" என்றார் அப்பா. பிறகு வராந்தாவின் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, நாயின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்யத் தொடங்கினார். நாயும் தோட்டத்தைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"டைகர்! டைகர்!" அந்த அம்மா கூப்பிட்டார். கைதட்டினார். "ஏன் திரும்ப மாட்டேங்குது? கிறுக்கு நாயா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகம் மாறியது. பால்காரரைப் போல இவரும் வேண்டாம் என்றுவிடுவார், இன்றோடு தவணை முடிகிறது, நாளைக்குத் துப்பாக்கி. என்னால் அடக்க முடியவில்லை.

"அதுக்குக் காது கேக்காதுங்கம்மா. அதனாலதான் வெடிக்குப் பயமில்ல."

"செவிட்டு நாய வச்சிக்கிட்டு நான் என்னடா செய்வேன்?"

"அது லேசுங்கம்மா. எங்கப்பா மாதிரிதான். பின்னால நின்னு கத்துனா ரெண்டு பேருமே திரும்ப மாட்டாங்க. பலகையில இப்புடி ஒரு தட்டு தட்டணும்."

காலை ஓங்கித் தட்டினேன். நாயும் அப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். அப்பா மறுபடியும் கயிற்றின் பக்கம் திரும்பியதும், பின்னாலிருந்து அவர் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. அப்பா முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். ஐயா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கெட்டிக்காரப் பையன் என்கிறார் என்று நினைத்தேன்.

நாய் அங்கேயே தங்கிவிட்டது. வழி நெடுக நான் பின்னால் நடந்தபடி என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்னால் போன அப்பா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தீபாவளி கழிந்து வேலை தொடங்கிய காலைப் பெரட்டில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது, அப்பாவை ஸ்டோருக்கு அனுப்பவில்லை. கவ்வாத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிக் கழிக்கும் வேலை. பெல்ட் ஓடும் இடத்தில் காது கேட்காத ஆளை வைத்திருந்து, கை போய்விட்டால் யார் பதில் சொல்வது என்று டீமேக்கர் ஐயா கேட்டாராம். கெட்ட மனிதரில்லை. டைகரைக் கடைசிவரை நன்றாகவே வைத்திருந்தார்.

எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். ஒரு மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மேட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் கவ்வாத்துக் கத்தியோடு நிற்பதைக் கண்டேன். "அப்பா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. காலால் தரையைத் தட்டினேன். ஈர மண் என் காலை விழுங்கிக்கொண்டதே தவிர அவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. எத்தனை முறைதான் இந்த மனிதரைக் கூப்பிடுவது என்று அம்மாவைப் போலவே முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மாவோ முணுமுணுப்பதை விட்டிருந்தாள். அப்பாவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதை, வாசலில் நிற்பவர்களிடம் அவரைக் குறை சொல்வதை, எல்லாவற்றையும் விட்டிருந்தாள். தேநீர் ஆறிவிடும் என்றால் எழுந்துபோய் அவர் தோளைத் தொடுவாள். பீலிக்கரையில் அவள் குடம் வைக்கும் சத்தம்கூடக் கேட்காது. அப்பாடா, அந்தச் சனியன் பிடித்த நாய் போனதும் வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.