சலூன்காரன் தாடி

உலகச் சண்டைக் காலத்தில் நல்ல பிளேடு ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர், துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், சரியாக என் சலூனுக்கு எதிரே புது சலூன் திறந்தார். சுற்றுகிற நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, வெட்டி முடித்ததும் கழுத்தில் வாசனைப் பவுடர். என்னிடம் இருந்தது கால் ஆடும் மர நாற்காலி ஒன்று. இரண்டே மாதத்தில் என் கூட்டத்தில் பாதி ரோட்டைத் தாண்டிவிட்டது. மீதியும் போனால் கடையைச் சாத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய வேண்டியதுதான்.

புது நாற்காலிக்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மனைவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், திருச்செந்தூர் முருகனிடம் பேசி முடித்துவிட்டாள். எதிர்க்கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல். அதுவரை என் தலையிலும் முகத்திலும் கத்தி படக்கூடாதாம்.

"ஏளா, ஒனக்குப் புத்தி இருக்கா? சலூன்காரனே தாடியும் சடையுமா நின்னா எவன் வருவான்? ஒன் முடிய நேந்திருக்கலாம்லா?"

"கடை ஒங்க கடைல்லா" என்றாள்.

மூன்று மாதம். கழுத்து அரித்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். யாராவது ஏதோ கேட்க வாயெடுத்தால் போதும், நான் கத்தியைத் தீட்டுகிற தீட்டில் மூடிக்கொள்வார்கள். அவ்வளவு எரிச்சல் எனக்கு. மீதி இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஏரலிலிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்கு வரும் அண்ணாச்சி ஒருவர், மாதம் தவறாமல் என்னிடம் கிராப்பு வெட்டிக்கொள்பவர். அவரும் ஒருநாள் என் வாசல் வரை வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேரே எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

அன்றைக்கு வீட்டில் கத்தித் தீர்த்தேன். முடியை முதலில் கொடுத்துவிடுவோம், வரத்தை முருகன் சாவகாசமாகக் கொடுக்கட்டும் என்று சொல்லி, அவளையும் இழுத்துக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனேன்.

அங்கே மொட்டை போடும் இடத்தில் நாற்காலி இல்லை, கண்ணாடி இல்லை, பவுடர் இல்லை. கூட்டத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தலையைப் பாதி மழித்திருந்தபோது, பக்கத்தில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். ஏரல் அண்ணாச்சி. முழு மொட்டை.

"ஏன் அண்ணாச்சி, நம்ம கடைய மறந்துட்டீங்க?" என்னால் அடக்க முடியவில்லை.

"தாடியும் சடையுமா நின்னீரு வே. வீட்டுல ஏதோ சாவு, தீட்டோட கத்தி எடுக்காருன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டாவ. கேப்போம்னா நீரு மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்தீரு."

பவுடருக்குப் போனது பாதிக் கூட்டம்தான். மீதியை நானே என் தாடியைக் காட்டி விரட்டியிருக்கிறேன்.

"வேண்டுதல்தானா? சரி, இனி ஒம்ம கடைக்குத்தான் வருவேன்" என்றார் அண்ணாச்சி, மொட்டையைத் தடவிக்கொண்டே. "முடி வளரட்டும்."

பின்னால் நின்ற என் மனைவி குனிந்து என் காதில் சொன்னாள்:

"பாத்தியளா, முருகன் கொடுத்துட்டாரு."