அத்தைக்குப் பாதி

லூர்து அத்தை, உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று ஞாயிறு. விடியும்போது வெளியில் யாரோ இருமினார்கள். பூசைக்குக் கூப்பிட நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று எழுந்து ஸ்வெட்டரைத் தேடினேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. அத்தையைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன்.

அத்தை அப்பாவின் மூத்த அக்கா. மலைமேல் எமரால்டு பக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவள். அப்பாவைத் தூக்கி வளர்த்தாள், பிறகு என்னையும் வளர்த்தாள். மழையோ காய்ச்சலோ அவள் ஞாயிறு பூசையைத் தடுத்ததில்லை. சின்ன சர்ச் அது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் சொல்வார். அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள்.

மாமா இந்து. சர்ச் வரைக்கும் கூடவே நடந்து வருவார். பூசை முடியும்வரை வெளியே மதில்மேல் குடையோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் உபதேசியார் கேட்டார்.

“ஏனம்மா லூர்து, எங்க சாமிக்கு உன்ற ஊட்டுக்காரரு வெளிய காவலா?”

“ஆமாங்க. காட்டெருமை வந்தா நீங்க பீடத்துக்குப் பின்னால ஓடிருவீங்க. அவருதானுங்க நிப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு முந்தின மாதம் அப்படித்தான் நடந்திருந்தது. உபதேசியாரும் சிரித்துவிட்டார்.

ஆனால் அத்தை நன்மை வாங்கப் போகமாட்டாள். மற்றவர்கள் வரிசையில் போய் நாக்கை நீட்டி, சாமியாரிடம் அந்தச் சின்ன வெள்ளை அப்பத்தை வாங்கும்போது, அவள் மட்டும் முழங்காலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். சின்ன வயதில் நான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சாமியார் கொண்டுவருவது சின்னக் கிண்ணம். கடைசி பெஞ்சுக்கு எட்டாது. திருவிழாப் பொங்கலே எங்கள் லைன் வீடுகளுக்கு வருவதற்குள் தீர்ந்துபோகிறதே.

எனக்கு முதன்முதலாக நன்மை கொடுத்த புதுநன்மை அன்று வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி. உள்ளே போட்ட ஸ்வெட்டர் தெரியாமல் அத்தைதான் கையை மடித்துவிட்டாள். அது ஆண்டவரின் உடம்பு, பல்லில் படாமல் விழுங்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். சாமியார் நாக்கில் வைத்ததும் எனக்கு வர்க்கி ஞாபகம் வந்தது. டீக்கடையில் ஒரு வர்க்கி வாங்கினால் அத்தை அதைப் பிட்டு, பெரிய பாதியை எனக்குத்தான் தருவாள். கடித்துவிட்டேன். பாதியை உள்ளங்கையில் எடுத்து மூடிக்கொண்டு நேரே கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

“அத்தை, இந்தாங்க. உங்களுக்குப் பாதி. தீந்துருமில்லீங்க, அதான்.”

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. சிமெண்டுத் தரையில் என் முன்னால் முழங்கால் போட்டாள். வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வாய்கூடக் கொஞ்சம் திறந்தது. பிறகு இறுக மூடிக்கொண்டாள்.

“ஏஞ்சாமி, நீ போட்டுக்க. மொதல்ல வாயில போடு கண்ணு.”

“உங்களுக்குத்தானுங்க கொண்டாந்தேன்.”

“எனக்கில்ல கண்ணு அது. போடு.”

போட்டேன். உள்ளங்கையையும் நக்கச் சொன்னாள். நான் விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் வெறும் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. ஆசையாகக் கொண்டுபோனதை வேண்டாம் என்றுவிட்டாளே.

திரும்பும் வழியில் மாமாவிடம் புகார் சொன்னேன்.

“மாமா, நான் குடுத்த நன்மைய அத்தை வாங்கிக்கலீங்க.”

மாமா நின்றுவிட்டார். “எல்லாம் என்னாலதான் லூர்து.”

“சும்மா வாங்க. கொழந்தை முன்னால என்ன பேச்சு இது?” என்றாள் அத்தை.

மாமா குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு, தூறலில் நனைந்தபடியே பின்னால் வந்தார். அவருக்கு என்மேல் கோபம் என்று நினைத்து வீடு வரை நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பெரியவளான பிறகு அம்மா சொன்னாள். மாமா அத்தைக்கு மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினாராம். சர்ச்சில் மந்திரிக்காத கல்யாணம், அதனால் நன்மை கிடையாது. சர்ச்சில் வைத்து வேறு தாலி கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று சாமியார் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மாமாவும் தயாராக இருந்தார். அத்தைதான், “அப்ப மொதல்ல கட்டுனது பொய்யிங்களா சாமி?” என்று கேட்டுவிட்டாள்.

மாமா இறந்துபோன பிறகு, புதிதாக வந்த சாமியார் வீட்டுக்கே வந்தார். நான்தான் டீ போட்டுக்கொடுத்தேன். இனி தடை ஒன்றும் இல்லை, அப்படி வாழ்ந்தது பாவம் என்று தன்னிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும் என்றார். அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவரோட பொழச்சதப் பாவம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதுங்க. பொய் சொல்லிப்போட்டு நன்மை வாங்கோணுங்களா?”

சாமியார் எழுந்தார். அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் அத்தை கடைசி பெஞ்சில்தான் இருந்தாள். நடக்க முடிந்தவரை அங்கேதான் இருந்தாள்.

படுக்கையில் விழுந்து மூச்சு இழுத்த அன்று சாமியாருக்குச் சொல்லி அனுப்பினோம். வழியில் கற்பூர மரம் விழுந்து ரோடு அடைத்துக்கிடந்தது. அவர் வந்து சேர்வதற்குள் அத்தை போய்விட்டாள்.

புதுநன்மை அன்று அவள் என் வாயையே பார்த்தது, நான் ஒழுங்காக விழுங்குகிறேனா என்று சோதிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். பசித்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள். அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நன்மை வாங்குகிறவர்கள் வருகிற ஞாயிறு வாங்கும்போது லூர்து அத்தைக்காக வேண்டி அதை ஒப்புக்கொடுங்கள். வாங்காதவர்கள் உங்கள் சாமியிடம் கேளுங்கள். அம்மனிடம் கேட்டாலும் அத்தை கோபித்துக்கொள்ளமாட்டாள். மாமா இருக்கிற இடத்தில் அவளையும் சேர்த்துவிடச் சொல்லி எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.