கிழக்குத் தெரியாமல் நட்ட மரம்

நேற்று ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் காய்கறிக் கடைக்குக் கேரட் வாங்கப் போனேன். கடைக்காரர் மழையில் நனைந்த சாக்கை எடுத்து உதறினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கேரட்டை மறந்து, எனக்குப் பிடிக்காத முள்ளங்கியோடு வீடு திரும்பினேன். நனைந்த சாக்கு என்றால் எனக்கு ஆரஞ்சு மரம்தான். சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

அப்போது நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் கைமாறியது. குவார்ட்டர்ஸை இடித்து விடுதி கட்டப் போகிறோம், நாலு மாதத்துக்குள் காலி செய்யுங்கள் என்றார்கள். சட்டி பானையைக் கட்டிவிடலாம். பின்பக்கம் நின்ற பத்து வருஷத்து ஆரஞ்சு மரத்தை என்ன செய்வது? என் மனைவி ரோஸ்லின் விதை போட்டு வளர்த்தது. அவள் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள், இவன் ஏன் அழவில்லை என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. ஆனால் மரத்தை வெட்டிவிடுவார்கள் என்றதும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

மாரமங்கலத்து மாதுவைப் பிடித்தேன். எஸ்டேட்டில் காப்பிச் செடிகளைக் கழித்துவிடும் கவாத்து வேலை பார்க்கும் மனிதர். மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் வெட்டி, பக்கவேர்களை அறுத்து, மக்கிய எரு போட்டு மூடினார். புதுவேர் விட மூன்று மாதம் காத்திருந்தோம். தூக்கும் நாளன்று, அடிமரத்தில் கிழக்கைப் பார்த்த பக்கம் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். புது இடத்திலும் அந்தப் பக்கம் கிழக்கையே பார்க்க வேண்டுமாம்.

வேரை மண்ணோடு ஈரச் சாக்கில் கட்டி, மூங்கிலில் கோத்து எட்டுப் பேர் தூக்கினார்கள். அதில் நாலு பேர் அடக்கத்தன்று ரோஸ்லினையும் தூக்கியவர்கள். தோள் மாற்றச் சொன்னதும் அதே குரல்தான். நான் டெம்போக்காரரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

தலைச்சோலையில் எனக்கு ஒரு சின்ன வீடும் துண்டு நிலமும் உண்டு, அங்கே குழி தயாராக இருந்தது. ஆனால் மூடுபனி. குனிந்தால் என் செருப்பே தெரியவில்லை. கிழக்கு எது என்று மாது கேட்டார். இடம் என்னுடையது, தெரியாது என்று சொல்லலாமா? ஜம்பமாகக் கையை நீட்டினேன். சுண்ணாம்புக் கோட்டை அந்தப் பக்கம் திருப்பி நட்டோம்.

மறுநாள் காலை வெயில் கோடு இல்லாத பக்கம், மரத்தின் முதுகில் வந்து விழுந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. காலையில் நாலு குடம், மாலையில் நாலு குடம். இலை மஞ்சளானது, இன்னும் இரண்டு குடம். பத்தாம் நாள் மாது வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, மரத்த நட்டீங்களா, நெல்லு நாத்து உட்டீங்களா? வேரு மூச்சு உட வேண்டாமுங்களா?"

"புடுங்கித் திருப்பி நட்டுரலாமா மாது?"

"நொம்ப நல்லாருக்கும். ஆபரேசன் பண்ணுனவன எழுப்பி, மறுபடி படுக்கச் சொல்ற மாதிரி. மண்ணு காஞ்சா ஒரு கொடம். மத்த நேரம் ஊட்டுக்குள்ள இருங்க."

வெயில் பழகாத பட்டை வெந்துவிடும் என்று அந்தப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். சாக்கைச் சுற்றினார், மூன்று முட்டுக் கொடுத்தார். நான் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தேன். இலை அத்தனையும் கொட்டி, வெறும் குச்சியாக நின்றது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மாது சாக்கை விலக்கி, நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"உசுரு இருக்குதுங்க."

இன்னொரு இடத்திலும் சுரண்டிக் காட்டச் சொன்னேன். "பாத்துப் பாத்தே கொன்னுருவீங்க" என்று சாக்கை மூடிவிட்டார்.

மரம் பிழைத்துக்கொண்டது. காய்ந்த பழைய கிளைகளை வாளால் அறுத்தோம். வெயில் வந்த பக்கம் புதுக்கிளைகள் கிளம்பின. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று விடுதிக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. முள்ளங்கியைத் திண்டில் வைத்துவிட்டு நேற்று மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். நல்ல அடர்த்தி. அதில் ஓர் இலைகூட ரோஸ்லின் பார்த்ததில்லை.