பெரியம்மாவின் பால் சட்டி

பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "செல்வராணிப் பெரியம்மா போயிருச்சு பாப்பா. சளி முத்திப்போச்சு" என்றார். சளி இல்லை. புகை. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் அவர் தூங்கிய பிறகு, பெரியம்மாவைத் தெரிந்த நம் தெருப் பெண்களுக்கு எழுதுகிறேன்.

சோழவந்தான் கேஸ் ஏஜென்சிக்கு அலைந்து அலைந்து, நம் தெருவில் வீடு வீடாக கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். "கேஸ்ல ஆக்குன சோறு வயித்துக்கு ஆகாது" என்றார் எதிர்வீட்டு மாமா. "டீக்கடையில அம்புட்டு டீ குடிக்கிறீகளேண்ணே, அது என்ன வெறகுலயா கொதிக்குது?" என்றார் பெரியம்மா.

அடுப்பு வந்த வீட்டுக்கெல்லாம் தன் சட்டியைக் கொண்டுபோய் அவர்தான் முதலில் பால் காய்ச்சினார். பொங்கும்வரை யாரும் அடுப்பைத் தொடக் கூடாது. அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்? அடுப்புக்குப் பூ வைத்தீர்கள். விருந்தாளி வந்தால் டீ போட மட்டும் பற்றவைத்தீர்கள். சோற்றுக்குக் கொல்லையில் கருவேல விறகுதான். "கும்புடவாடி வாங்கிக் குடுத்தேன்? பத்த வைங்கடி!" என்று அவர் கத்தியபோது சிரித்தீர்கள்.

அவர் வீட்டு சிலிண்டர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அப்பாவின் பஜ்ஜி வண்டிக்குப் போனது. "ரெண்டு நாள்ல தந்துர்றேன் மதினி." தரவே இல்லை. "தம்பி பொழப்பு" என்று பெரியப்பாவும் இருந்துவிட்டார். தெருவுக்கே கேஸ் கொண்டுவந்தவர் விறகுப் புகையில் இருமி இருமிச் சமைத்தார். அந்த பஜ்ஜியை நாம் எல்லோரும் தின்றோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, இன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "வண்டியில கேஸ் தீந்துருச்சு. காலையில நம்ம வீட்டுத எடுத்துட்டுப் போறேன். ரெண்டு நாள்ல தந்துர்றேன்." அதே வார்த்தை. அம்மா போய் விறகை அடுக்கினார். அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு.

பெரியம்மாவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சட்டிதான். விடிந்ததும் இந்தத் தாளைக் குழாயடியில் உங்களிடம் தந்துவிட்டு ஓடி வந்து, அதை அம்மாவின் அடுப்பில் ஏற்றுவேன். அப்பா அடிப்பாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் பொங்குமுன் அடுப்பில் கைவைத்து சிலிண்டரைக் கழற்ற அவரும் துணியமாட்டார். தீயைக் குறைத்தே வைப்பேன். பொங்குவதற்குள் எல்லோரும் வந்துவிடுங்கள்.